இன்னும் கொஞ்சம் வைக்கவா?

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு மாலை. செபமாலை முடிந்து மக்கள் கலைந்த பின், நம் பங்கின் இளைஞர் மூவர் அறை வாசலில் வந்து நின்றனர். ஒருவர் மினிபஸ் நடத்துனர். மற்றொருவர் கைப்பேசி பழுது பார்க்கும் கடையில் பணிபுரிபவர். மூன்றாமவர் மதுரையில் வணிகவியல் பயிலும் பெண். இம்மூவரும் சேர்ந்து வந்தால் இரண்டே காரணங்கள்தாம் இருக்கும். ஒன்று, கிரிக்கெட் போட்டிக்கு நன்கொடை. மற்றொன்று, இளைஞர் மன்றக் கணக்கில் துண்டு விழுந்திருக்கும். அன்றோ அவர்கள் மூன்றாவது காரணத்தோடு வந்திருந்தனர்.

"சாமி, நாங்க ஒரு காமெடி பாட்காஸ்ட் ஆரம்பிக்கப் போறோம். சினிமா, கிரிக்கெட், ஊர் நடப்பு எல்லாத்தையும் பேசிச் சிரிக்கிறது. நீங்கதான் நடுவுல உக்காந்து நடத்தித் தரணும்" என்றார் நடத்துனர்.

நம்மை ஏன் தெரிந்தெடுத்தீர்கள் என்று வினவினோம். "பிரசங்கத்துல நீங்க ஜோக் சொல்லும்போது மட்டும்தான் சாமி, வேப்பமரத்தடியில நிக்கிற ஆம்பளைங்க கோயிலுக்குள்ள எட்டிப் பார்க்கிறாங்க" என்று பதில் வந்தது. இது புகழ்ச்சியா இகழ்ச்சியா என்று நமக்கு இன்றளவும் விளங்கவில்லை.

பாட்காஸ்ட் என்பது யாதென அறியாத பெரியோருக்கு ஒரு விளக்கம். அது வானொலியைப் போன்றதே. ஆனால் அதற்கு நிலையமும் இல்லை, குறித்த நேரமும் இல்லை. பேசுகிறவர் தம் பேச்சைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றிவிடுகிறார். கேட்கிறவர் தமக்கு ஓய்வு வாய்த்தபோது, களை பறிக்கையிலோ பேருந்தில் செல்கையிலோ, கைப்பேசியில் கேட்டுக்கொள்கிறார். 2001-இல் வெளிவந்த ஐபாட் என்னும் பாட்டுக் கருவியின் பெயரையும், ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வாலையும் ஒட்டி, 2004-ஆம் ஆண்டு இலண்டன் கார்டியன் நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி என்னும் செய்தியாளர் எழுதிய பெயர் இது. தமிழில் இதனை ‘வலையொலி’ என அழகாக வழங்குகின்றனர்.

குரலை மட்டும் கேட்டுச் சிரிக்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. சிறுவனாயிருந்த காலத்தில் வீட்டுத் திண்ணையில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தோம். குருமட நாள்களில், காலை வேளையில் தென்கச்சி கோ. சுவாமிநாதன் அவர்களின் ‘இன்று ஒரு தகவல்’ ஒலிக்கும். சில நிமிடப் பேச்சுதான். அன்றாட வாழ்க்கையிலிருந்து ஒரு செய்தி, அதன் வாலில் ஒரு நகைச்சுவை. கேட்பவர் வயிறு குலுங்கச் சிரிப்பர். சொல்பவர் குரலிலோ சிரிப்பின் சுவடே இராது. 2009-ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது, முகம் பாராத ஓர் உறவினர் போனதாகவே தமிழ் இல்லங்கள் பல உணர்ந்தன.

மேலும், நம் மதுரை சிரிப்பிற்குப் பஞ்சமில்லாத ஊர். திரையில் வடிவேலு பேசிய வசனங்கள் இன்று தமிழர் வீடுகளில் பழமொழிகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அவரை ஈன்றது இந்த ஊர்தான். அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் கற்பித்த பேராசிரியர் சாலமன் பாப்பையா அவர்கள், புலவர்களுக்கே உரியதாயிருந்த பட்டிமன்றத்தை வீட்டுக் கூடத்திற்குக் கொண்டுவந்து, மாமியார் மருமகள் வழக்கையும் திரைப்பாடல்களின் தரத்தையும் மதுரைத் தமிழிலேயே பேசிச் சிரிக்க வைத்தார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பட்டிமண்டபம் என்னும் சொல் மணிமேகலையிலேயே உண்டு. ஆக, நடுவில் ஒருவர் அமர்ந்து, இருபுறமும் பேசவிட்டு, ஊர் நடப்பை நகைச்சுவையாக்குவது இம்மண்ணின் பழைய கலையே. வலையொலி அதற்குப் பேரப்பிள்ளை முறையாகிறது.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து, இசைந்தோம். நம் உள்ளத்தின் ஓரத்தில் சிறிது தற்பெருமையும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

ஒலிப்பதிவுக் கூடமாக அமைந்தது, கிறிஸ்மஸ் குடிலின் சுரூபங்களையும் சப்பரத்தின் அலங்காரப் பொருள்களையும் போட்டு வைத்திருக்கும் பழைய அறை. எதிரொலி வராதிருக்கச் சுவர்களில் சமுக்காளங்களைத் தொங்கவிட்டனர். மின்விசிறியின் ஓசை பதிவாகும் என்று அதை நிறுத்தினர். சித்திரை மாதத்து மதுரை வெயிலில், சன்னலை அடைத்து, சமுக்காளத்திற்கு நடுவே அமர்ந்து சிரிப்பூட்டுவது எளிய தவமன்று. நம் முன் இருந்த நேயர்கள், குடிலின் ஒட்டகம் ஒன்றும் ஆடுகள் மூன்றும்தாம். சட்டையில் செருகும் சிறு மைக் இரண்டும் கைப்பேசி ஒன்றுமே மூலதனம். பேச்சு சூடு பிடிக்கும் வேளையில் தெருவில் ஐஸ் வண்டியின் ஒலிப்பான் கேட்கும்; அது ஓய்ந்தால் எங்கோ காதணி விழாவின் ஒலிபெருக்கி முழங்கும். ஒரு மணி நேரம் பேசியதை வெட்டித் திருத்தி அரை மணியாக்குவது கல்லூரி மாணவியின் பொறுப்பு.

முதற்பகுதியில் மதுரைச் சாலைகளை மறைத்து நிற்கும் பிளக்ஸ் தட்டிகளைப் பற்றிப் பேசினோம். இரண்டாவதில், மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று தமிழ் மாதங்களின் பெயரிலேயே வீதிகள் அமைந்திருப்பதால், வழி கேட்ட வெளியூர்க்காரருக்கு நாள்காட்டியே பதிலாகக் கிடைத்த கதையைச் சொன்னோம். மூன்றாவதில், பிள்ளைகள் வடிவேலுவின் வசனங்களைக் கொண்டே பெற்றோருக்கு மறுமொழி கூறும் விந்தையை அலசினோம். முதற்பகுதியைக் கேட்டவர் தொகை நாற்பத்து மூன்று. அவற்றுள் பதினொரு முறை கேட்டவர் நாமே.

நான்காம் பகுதியின் பொருள், திருமணப் பந்தி. நம்மைப் பிடித்திழுத்த சறுக்கல் அங்கேதான் நேர்ந்தது.

பேச்சின் வேகத்தில் நாம் ஒன்று சொன்னோம்: "எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் உண்டு. கோயிலில் முதல் ஓலை வாசிப்பதற்கு முன்பே அவருக்குப் பந்தி நேரம் தெரிந்துவிடும். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கையில் அவர் இலையில் தண்ணீர் தெளித்துவிடுவார். பாயாசம் மூன்று டம்ளர், வாழைப்பழம் துண்டில். மணமக்களை அவர் பார்த்ததே இல்லை. அவர்களும் அவரைப் பார்த்ததே இல்லை!" நடத்துனர் விழுந்து விழுந்து சிரித்தார். நாமும் சிரித்தோம். ஒட்டகம் மட்டுமே சிரிக்கவில்லை.

பெயரைச் சொல்லவில்லையே என்று நாம் அமைதி கொண்டோம். பதிவைத் திருத்தும்போது அந்தப் பெண், "சாமி, பெரியவர் பேச்சை மட்டும் வெட்டிடலாமா?" என்று கேட்டார். இருக்கிற பகுதியிலேயே அதுதானே சிறப்பு என்று சொல்லி, வெட்ட வேண்டாமென்றோம்.

சிறப்பாகவே ஆயிற்று. அந்த ஒரு நிமிடத்தைத் தனியே கத்தரித்து யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்ப, அது ஊர் ஊராகப் பறந்தது. இரு வாரங்களில் கேட்டவர் தொகை ஆயிரங்களைத் தாண்டியது. அயற்பங்கு குருக்கள் தொலைபேசியில் பாராட்டினர். நாமும், பாராட்டு வேண்டாதவர் போல, அவர்களை மேலும் இரண்டு வாக்கியம் பேச விட்டுக் கேட்டோம்.

பின் ஓர் இரவு திருப்பூரிலிருந்து ஓர் அழைப்பு. பனியன் தொழிற்சாலையில் பணிபுரியும் நம் பங்கு மைந்தர் ஒருவர்.

"சாமி, அந்த மூணு டம்ளர் பாயாசம்... அது எங்க அப்பாதானே?"

நமக்கு நா எழவில்லை.

"சாப்பாட்டு நேரத்துல கூட வேலை செய்றவங்க போட்டுக் காட்டினாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன் சாமி. துண்டுல வாழைப்பழம்னு சொன்ன பிறகுதான் யாருன்னு தெரிஞ்சுது."

அவர் சினந்திருந்தால் நமக்கு எளிதாயிருந்திருக்கும். அவர் சினக்கவில்லை. "நானும் சிரிச்சேன்" என்று மறுமுறையும் சொல்லிவிட்டு, தொடர்பைத் துண்டித்தார்.

அன்றிரவு எண்ணிப் பார்த்தோம். அந்தப் பெரியவர் தொடர்ந்து மூன்று ஞாயிறுகளாகத் திருப்பலிக்கு வரவில்லை. கேட்டவர் தொகையை நாள்தோறும் எண்ணிக்கொண்டிருந்த நாம், அந்த ஒருவர் வராததை எண்ணத் தவறிவிட்டோம்.

மறுநாட்காலை வாய்க்கால் கரையிலிருந்த அவர் இல்லம் சென்றோம். தோத்திரம் சொல்லி வரவேற்றார். இருந்த ஒரே நாற்காலியை நமக்கிட்டுத் தாம் வாசற்படியில் அமர்ந்தார். கேட்டீர்களா என்று வினவினோம்.

"பக்கத்து வீட்டுப் பையன் போட்டுக் காட்டினான் சாமி. உங்க குரல் தெளிவா இருந்துச்சு" என்றார்.

மன்னிப்புக் கேட்டோம். ஒப்புரவு அருட்சாதனத்தில் பிறரது பாவ அறிக்கையைக் கேட்டுப் பழகிய நமக்கு, நம் குற்றத்தை ஒரு வாசற்படியில் சொல்வது எவ்வளவு கடினம் என்று அன்று தெரிந்தது. அவர் நெடுநேரம் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நாம் கேளாமலே சொன்னார்:

"அவ போயி அஞ்சு வருசம் ஆச்சு சாமி. மகன் பணம் அனுப்புறான், குறை சொல்ல முடியாது. வீட்டுல கஞ்சி இருக்கு. ‘இன்னும் கொஞ்சம் வைக்கவா’ன்னு கேட்கத்தான் ஆள் இல்லை. கல்யாண வீட்டுல அதைக் கேட்பாங்க. அதுவும் முதல் பந்தியிலதான் கேட்பாங்க. மூணாம் பந்தியில பரிமாறுற பையன்களுக்குக் கை ஓஞ்சு போயிரும்; கேட்க மாட்டாங்க."

நாம் ஊரெல்லாம் கேட்கச் சொன்ன பேருண்டித்தனம் இதுதான். ஐந்தாண்டுகளாக அவர் பங்குத் தந்தையாயிருந்தும் இதனை அறியாதிருந்தோம். அறியாததனாலேயே நமக்கு அது நகைச்சுவையாயிற்று.

வீடு திரும்பும் வழியில் வள்ளுவர் நினைவிற்கு வந்தார். விளையாட்டுக்காகவேனும் ஒருவரை இகழ்வது துன்பம் தரும் என்று பண்புடைமை அதிகாரத்தில் அவர் உரைத்திருப்பதைக் குருமடத்தில் மனப்பாடம் செய்தோம்; தேர்வில் மதிப்பெண்ணும் பெற்றோம். இருபத்தைந்து ஆண்டு மறையுரை ஆற்றியும் அதன் பொருளை ஒரு வாய்க்கால் கரையில்தான் கற்றோம்.

நம்மினும் மிக்க நகைச்சுவையாளர் ஒருவர் இதே மதுரை மறைப்பணித்தளத்தில் நமக்கு முன்னோராக இருந்திருக்கிறார். இத்தாலியில் 1680-இல் பிறந்து, தமிழகத்தில் உழைத்து, 1747-இல் மறைந்த வீரமாமுனிவரே அவர். தேம்பாவணி பாடிய அதே கரம்தான் ‘பரமார்த்த குருவின் கதை’யையும் எழுதிற்று. 1822-இல் பாபிங்டன் என்பாரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் அது அச்சேறியது. மட்டி, மடையன், பேதை, மூடன், மிலேச்சன் என்னும் ஐந்து சீடர்களோடு அலையும் அந்தக் குரு, பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று நம்புகிறார். சிறு வயதில் இதைப் படித்துச் சிரித்தோம். இப்போது மறுபடி எடுத்துப் படித்தபோது ஒன்று புலப்பட்டது. எழுதியவர் குரு, கதையில் ஏமாறுகிறவரும் குரு. ஊரார் கேட்கச் சிரிக்கவைக்க விழைந்த அக்குருவானவர், பட்டினி கிடக்கும் கிழவர் எவரையும் தேடிப் போகவில்லை. தம் போன்றோர் அமரும் ஆசனத்தையே நகைப்பிற்கு இடமாக்கினார்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024-ஆம் ஆண்டு ஜூன் 14 அன்று, பதினைந்து நாடுகளிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட நகைச்சுவைக் கலைஞர்களை வத்திக்கானுக்கு வரவழைத்துச் சந்தித்தார். நல்ல நகைச்சுவை எவரையும் தாழ்த்துவதில்லை, எவரையும் அவருடைய குறையோடு சேர்த்து அறைந்துவிடுவதில்லை என்னும் கருத்தை அவர்களுக்கு எடுத்துரைத்தார். நகைச்சுவை உணர்வை வேண்டிப் புனித தாமஸ் மூரின் பெயரால் வழங்கும் செபத்தை அவர் நாள்தோறும் சொல்லிவந்தவர். தாமஸ் மூர் 1535-இல் கொலைமேடை ஏறுகையிலும், ஏறுவதற்கு மட்டும் கைகொடுங்கள், இறங்குவதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்னும் பொருள்பட வேடிக்கை பேசினார் என்பர். அவருடைய சிரிப்பும் தம் கழுத்தைப் பற்றியதே. அடுத்தவர் கழுத்தைப் பற்றியதன்று.

பட்டிமன்ற மேடையில் ஒரு சொல் தவறினால், எதிரே அமர்ந்திருக்கும் மக்களின் முகம் அதைக் காட்டிவிடும். நல்ல நடுவர் அந்தக் கணமே பேச்சைத் திருப்பிச் சரி செய்துவிடுவார். வலையொலியில் எதிரே முகம் இல்லை. சமுக்காளம் முகம் சுளிப்பதில்லை. மேலும், மேடைப் பேச்சு பெரும்பாலும் காற்றோடு போகும். இதுவோ போன இடத்திலெல்லாம் தங்குகிறது. நம் பதிவை அன்றே இணையத்திலிருந்து நீக்கிவிட்டோம். ஆயினும் கைப்பேசி கைப்பேசியாகப் போன அந்த ஒரு நிமிடம் இன்னும் எங்கெங்கோ ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதைத் திரும்ப அழைக்க எந்த ஆயராலும் ஆணை பிறப்பிக்க இயலாது.

இனி நடத்த வேண்டாம், நிறுத்திவிடுவோம் என்று இளைஞரிடம் சொன்னோம். நடத்துனர் தலைகுனிந்தார். "அன்றே சொன்னேனே" என்று அந்தப் பெண் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "நிறுத்துனா, சிரிக்கிறதே தப்புன்னு ஆயிரும் சாமி. சிரிச்சது தப்பில்ல, யாரைப் பார்த்துச் சிரிச்சோங்கிறதுதான்" என்றார். மறையுரையில் நாம் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அது.

ஆகவே தொடர்கிறோம், ஒரு விதியோடு. எவரைப் பற்றிச் சிரிக்கிறோமோ அவர் அதே அறையில் அமர்ந்து, நம்மோடு சேர்ந்து சிரிக்கக் கூடியவராயிருத்தல் வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காத நாளில் நம்மையே பார்த்துச் சிரிப்பது. ஐந்தாம் பகுதியில், வீடு மந்திரிக்கச் சென்ற ஒரே காலையில் மூன்று வீடுகளில் இடியாப்பம் உண்டு, நான்காம் வீட்டில் நாற்காலியிலிருந்து எழ இயலாமல் செபத்தை உட்கார்ந்தே முடித்த நம் கதையைச் சொன்னோம். பெரியவரின் கதையை அங்கே சொல்லவில்லை. நமக்கு ஒரு பிழை நேர்ந்தது என்பதை மட்டும் சொல்லி, வருந்துகிறோம் என்றோம். கேட்டவர் தொகை மீண்டும் நூற்றுக்குக் கீழே இறங்கிவிட்டது. இப்போது அதை நாம் எண்ணுவதில்லை.

இரு வாரங்களுக்குப் பின் பெரியவர் திருப்பலிக்கு வந்தார். அடுத்து வந்த திருமண விருந்தில் அவரைத் தேடினோம். முதற்பந்தியில் காணோம், இரண்டாவதிலும் இல்லை. மூன்றாம் பந்தியின் கடைசி இலையில் அமர்ந்திருந்தார். துண்டு தோளில் வெறுமையாகக் கிடந்தது. மன்னிப்பு அளித்துவிட்டார், ஆயினும் முதற்பந்தியை நாம் அவரிடமிருந்து பறித்துவிட்டோம். மன்னிப்பினால் திரும்பாதவையும் சில உண்டு.

அண்மையில் நம் பங்குத் திருவிழா அசனம் நடந்தது. வழக்கமாக நாம் முதற்பந்தியில் விருந்தினரோடு அமர்வோம். இம்முறை அமரவில்லை. மூன்றாம் பந்திக்கு இலை போட்டதும் சாம்பார் வாளியைக் கையில் வாங்கிக்கொண்டு, வரிசையின் கடைசிக்குச் சென்றோம். நடத்துனர் சோற்றுக் கூடையோடு நமக்கு முன்னே சென்றார். பெரியவர் இலையில் சாதம் பாதி தீர்ந்திருந்தது. "இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்று கேட்டோம். அவர் நிமிர்ந்து நம்மைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், அங்கியில் சிந்தியிருந்த சாம்பாரைப் பார்த்தார். "வைங்க சாமி" என்றார். அவ்வளவே.

உங்கள் இல்லத்திலோ அண்டை வீட்டிலோ அக்கேள்வியைக் கேட்பாரற்று ஒருவர் உண்டுகொண்டிருக்கக் கூடும், அன்பர்களே. பந்தி நாளுக்குக் காத்திராமல் சென்று கேளுங்கள்.

ஒன்று சொல்லி முடிக்கிறோம். முறை தவறி ஒரு முறை அவர் கதையை ஊருக்குச் சொன்ன நாம், மறுமுறையும் அவரைக் கேளாமல் எழுதத் துணியவில்லை. இக்கட்டுரையை இதழுக்கு அனுப்புமுன் வாய்க்கால் கரைக்குச் சென்று முழுவதும் வாசித்துக் காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டார். பேர் போடவில்லையே என்று ஒரு முறை உறுதி செய்துகொண்டார். போடலாமா என்று கேட்டு நின்றோம்.

"போடுங்க சாமி, நாலு பேர் நாலு வீட்டுல கேட்டா நல்லதுதானே. பேர் மட்டும் வேண்டாம். ஆனா ஒரு தப்பு இருக்கு. பாயாசம் ரெண்டு டம்ளர்னு எழுதியிருக்கீங்க. எனக்காகக் குறைச்சு எழுதினீங்களாக்கும். மூணுதான் சாமி. எழுதுறதுதான் எழுதுறீங்க, சரியா எழுதுங்க" என்றார்.

திருத்திவிட்டோம்.